பழைய பிக்கப் வண்டியின் எரிபொருள் தொட்டியை மாற்றுதல்: படிப்படியான முழு வழிகாட்டி

சேசிஸ் சட்டத்தின் மேல் பின்பெட்டி தனியாக அமர்ந்திருக்கும் பழைய பிக்கப் வண்டிகளுக்கான வழிகாட்டி இது. சிங்கப்பூரில் வீட்டுப் புதுப்பிப்பு, குளிர்சாதனப் பராமரிப்பு, மின்வேலை ஆகிய தொழில்களுக்காக ஓடும் டொயோட்டா ஹைலக்ஸ், நிசான் நவாரா, இசுசு டி-மேக்ஸ், மிட்சுபிஷி டிரைட்டன் போன்ற வண்டிகளில் பெரும்பாலானவை டீசல் வண்டிகள். எனவே டீசலை முதன்மையாக வைத்து எழுதியிருக்கிறேன்; பெட்ரோல் வண்டிக்கு வழிமுறை மாறும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

கைப்பழக்கம் உள்ளவருக்கு, உதவிக்கு ஓர் ஆள் இருந்தால், இது அரைநாள் வேலை. முதன்முறை செய்பவர் ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும். மறுநாள் காலை அந்த வண்டி வேலைக்குத் தேவைப்படாமல் இருப்பதும் நல்லது. புதியவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: பின்பெட்டிக்கும் தொட்டிக்கும் நடுவே, கண்ணுக்கும் கைக்கும் எட்டாத நான்கு விரல் அகல இடைவெளி. கீழே உள்ள வரிசை முழுவதும் அந்த இடைவெளியை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது.

1. கசிவது தொட்டிதானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

டீசல் வாடை அடித்து, தரையில் ஈரத் திட்டும் தெரிந்தவுடன் பலர் புதிய தொட்டிக்குச் சொல்லிவிடுகிறார்கள். டீசல் மேலே எங்கோ கசிந்து, தொட்டியின் வளைவைப் பற்றிக்கொண்டு வழிந்து, மிகத் தாழ்ந்த முனைக்கு வந்த பிறகே சொட்டும். ஆகவே சொட்டும் இடத்தை வைத்துக் கசியும் இடத்தை முடிவு செய்ய முடியாது.

வண்டியின் அடிப்பகுதியை எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் திரவத்தால் கழுவி, நன்றாக உலரவிட்டு, தொட்டியின் பக்கங்களிலும் மூட்டுகளிலும் டால்கம் பவுடரை மெல்லியதாகப் பூசுங்கள். பாதி அளவு எரிபொருளுடன் ஓரிரவு அப்படியே நிறுத்திவைத்துப் பாருங்கள். கசிவு தெரியாவிட்டால், முழுவதும் நிரப்பி இன்னோர் இரவு பாருங்கள். பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அதுவே கசியும் இடம்.

நிரப்பிய பிறகு மட்டும் கசிந்தால் சிக்கல் மேற்பகுதியில் இருக்கிறது: டேங்க் யூனிட்டின் (தொட்டியின் மேல்துளையில் பூட்டப்பட்டு, எரிபொருள் அளவைக் காட்டும் மிதவையைத் தாங்கும் பாகம்) ரப்பர் வளையம், நிரப்பு ஹோஸ், காற்றுக் குழாய் ஆகிய மூன்றில் ஒன்று. இவற்றுக்காகத் தொட்டியை மாற்ற வேண்டியதில்லை. எந்த அளவிலும் சொட்டிக்கொண்டே இருந்தால் அடிமூட்டு, வடிகால் போல்ட்டின் வாஷர், துருத் துளை ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். வாஷர் சில வெள்ளிக்குக் கிடைக்கும் பொருள். அதை மாற்றிப் பார்க்காமல் தொட்டியில் கைவைக்காதீர்கள்.

துருத் துளையைத் தேட வேண்டிய இடங்கள் இரண்டு: தொட்டியைத் தாங்கும் பட்டைகளுக்கு அடியிலும், அடிக்காப்புத் தகட்டுக்கும் தொட்டிக்கும் நடுவிலும். குளிர்நாடுகளில் பனி உருக்கச் சாலையில் போடும் உப்பு தொட்டியை அரிக்கிறது. இங்கே அந்த வேலையைக் கட்டுமானத் தளத்துச் சேறும் ஓயாத ஈரப்பதமும் செய்கின்றன. துவாஸ் பக்கம் தினமும் போய்வந்த ஒரு ஹைலக்ஸின் பட்டைக்கு அடியில் திருப்புளியை நுழைத்தபோது, சிமெண்ட் கலந்த சேறு ஈரம் காயாத கட்டியாகப் பெயர்ந்து விழுந்தது. அது ஒட்டியிருந்த இடத்தில் சாயம் இல்லை. எஃகு கறுத்து, அடுக்கடுக்காக உரிந்து, விரலால் அழுத்தியதும் ஈரமாயிற்று. பட்டையின் அகலத்துக்கு மட்டும்தான் இந்தச் சேதம். மற்ற இடமெல்லாம் தொட்டி புதிதுபோல் இருந்தது. அதனால்தான் வெளியிலிருந்து பார்த்துத் "தொட்டி நன்றாக இருக்கிறது" என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

எப்பாக்சி மாவு வைத்து அடைப்பது, பணிமனைக்கு ஓட்டிச்செல்லும் வரை தாங்கும். அதற்குமேல் அதை நம்பக் கூடாது. உரியும் எஃகின் மேல் ஒட்டிய மாவு அந்த எஃகோடு சேர்ந்தே பெயரும்.

2. தேவையான அனைத்தையும் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்

தொட்டியை இறக்கிய பிறகு ஒரு ரப்பர் வளையம் இல்லையென்றால், வண்டி ஓட முடியாமல் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். பாகங்களை வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் சொல்லாமல் சேசிஸ் எண்ணைக் கொடுங்கள். ஒரே பெயரில் வந்த வண்டிகளிலேயே ஒற்றைக் கேபின், இரட்டைக் கேபின், டீசல், பெட்ரோல் என்பதற்கேற்பத் தொட்டியின் நீளமும் குழாய் முனைகளும் மாறுகின்றன.

தொட்டியுடன் சேர்த்து வாங்க வேண்டியவை: டேங்க் யூனிட்டின் ரப்பர் வளையம், தொட்டிக்கும் பட்டைக்கும் நடுவே வைக்கும் ரப்பர் பட்டைகள், நிரப்பு ஹோஸ், காற்றுக் குழாய், குறுகிய எரிபொருள் ஹோஸ்கள், அவற்றுக்கான கிளிப்புகள், வடிகால் வாஷர், டீசல் ஃபில்டர். பட்டைகளும் அவற்றின் போல்ட்டுகளும் துருப்பிடித்திருந்தால் அவற்றையும் வாங்கிவிடுங்கள். பழைய பட்டை கழற்றும்போதே அறுந்துவிடும் வாய்ப்பு அதிகம். ஹோஸ் வாங்கும்போது எரிபொருளுக்கென்று குறிக்கப்பட்டதையே கேளுங்கள். தண்ணீர்க் குழாய் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும், டீசலில் ஊறி உப்பி, சில வாரங்களில் மெழுகுபோல் ஆகிவிடும்.

கருவிகளில் முக்கியமானவை: நல்ல ஜாக், எடைக்கு ஏற்ற இரண்டு ஜாக் ஸ்டாண்டுகள், தொட்டியின் அடியைத் தாங்கும் அளவுக்கு அகலமான பலகை, ரிங் ஸ்பேனர்கள், நீண்ட கைப்பிடி, பித்தளைக் கம்பி, கையால் இயக்கும் எரிபொருள் பம்ப், மூடியுள்ள கலன்கள், எண்ணெய் ஊடுருவாத கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி, தலையில் மாட்டும் எல்இடி விளக்கு, உலர்பொடித் தீயணைப்பான். பழைய குண்டு பல்புக் கைவிளக்கு வேண்டாம். அது உடைந்தால் சூடான இழை எரிபொருளின் மேல் விழும்.

இங்கே பயன்பாட்டிலிருந்து நீக்கப்படும் வண்டிகள் அதிகம் என்பதால் பழைய தொட்டி எளிதாகக் கிடைக்கும். வாங்கலாம், ஆனால் டேங்க் யூனிட்டைக் கழற்றச் சொல்லி, அந்தத் துளை வழியாக விளக்கடித்து உட்புறத்தைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். தொட்டியின் உட்கூரையில் செம்பழுப்புத் தூள் தெரிந்தால் அந்தத் தொட்டி வேண்டாம். பாதி வெறுமையாக நெடுநாள் நின்ற வண்டியில் காற்றின் ஈரம் குளிர்ந்து கூரையில்தான் முதலில் படியும். துருவும் அங்கேதான் தொடங்கும்.

வேலைக்கு மூன்று நாள் முன்பிருந்தே, தினமும் மாலையில் ஒருமுறை, எல்லா போல்ட்டுகளிலும் துரு நெகிழ்த்தும் எண்ணெயைத் தெளியுங்கள். இதை வேலையன்று காலையில் தெளித்து, உடனே நீண்ட கைப்பிடியைப் போட்டுத் திருகி, போல்ட்டின் தலையை முறித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணெய் மரையின் இடுக்கில் ஊறி இறங்க நேரம் வேண்டும்.

3. இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வாகன நிறுத்துமிடத்தில் இதைச் செய்ய அனுமதி இல்லை. பல மாடி நிறுத்துமிடத்தின் தாழ்வான கூரைக்கு அடியில் செய்வது ஆபத்தும்கூட. சமதரையுள்ள, காற்றோட்டமான பணிமனையின் ஓர் இடத்தை அரைநாளுக்குக் கேட்டுப் பெறுங்கள். சின் மிங், காக்கி புக்கிட், சுங்கை காடுட் வட்டாரங்களில் தெரிந்தவர் ஒருவர் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடக்கும் இடம் கிடைப்பது கடினமில்லை.

பெட்ரோல் வண்டியை, அடியில் நின்று வேலை செய்வதற்கான பணிமனைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி வேலை செய்யவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது பள்ளத்தில் இறங்கித் தேங்கும். பெட்ரோல், சுழியத்துக்குக் கீழே சுமார் 40 பாகை செல்சியஸ் குளிரிலேயே தீப்பற்றும் ஆவியை வெளியிடக்கூடியது. நம் ஊர் வெப்பத்தில் சொல்ல வேண்டியதில்லை. டீசலுக்கு 55 பாகை அளவு வெப்பம் வேண்டும் என்பதால் அது அவ்வளவு எளிதில் பற்றாது. ஆனால் டீசலில் நனைந்த துணி திரிபோல எரியும். பக்கத்து இடத்தில் கிரைண்டர் தீப்பொறி பறக்க வேலை நடந்தால், அது முடியும் வரை காத்திருங்கள்.

மேற்கூரை உள்ள இடமா என்பதையும் பாருங்கள். பிற்பகல் இடிமழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. திறந்து கிடக்கும் தொட்டியில் விழும் மழைநீர், பிறகு ஃபில்டரில் போய் நிற்கும்.

4. எரிபொருளை வெளியேற்றுதல்

இந்த வண்டிகளின் தொட்டி பெரும்பாலும் 70 முதல் 80 லிட்டர் கொள்ளும். ஒரு லிட்டர் டீசல் ஏறக்குறைய 0.84 கிலோ என்பதால், நிறைந்த 80 லிட்டர் தொட்டியின் டீசல் மட்டும் 67 கிலோ இருக்கும். அந்த எடை அசையாமல் நிற்கும் எடையுமன்று. தொட்டி சற்றுச் சாய்ந்தாலே திரவம் ஒரு பக்கம் ஓடி, ஜாக்கிலிருந்து தொட்டியைத் தள்ளிவிடும். ஆகவே வேலைக்கு முந்தைய வாரத்தில் நிரப்பாமல் ஓட்டி, 10 லிட்டர் அளவுக்குக் குறைத்துக்கொள்வதே எளிய வழி.

மீதியை வடிகால் போல்ட் வழியாக இறக்குங்கள். போல்ட்டைக் கழற்றுமுன் நிரப்பு மூடியைத் திறந்துவிட வேண்டும். மூடியிருந்தால் காற்று உள்ளே போகாமல், டீசல் விட்டுவிட்டுக் கொட்டி, கலனுக்கு வெளியே தெறிக்கும். வடிகால் போல்ட் இல்லாத தொட்டியில் கைபம்பைப் பயன்படுத்துங்கள். வாயால் உறிஞ்சித் தொடங்குவதை ஒருபோதும் செய்யாதீர்கள். நுரையீரலுக்குள் போகும் ஒரு மிடறு டீசல் கடுமையான நுரையீரல் அழற்சியை உண்டாக்கும்.

பெட்ரோலாக இருந்தால், கலனைத் தரையில் வைத்தே நிரப்புங்கள். வண்டியின் பின்பெட்டியில் விரித்த பிளாஸ்டிக் விரிப்பின் மேல் வைத்து நிரப்பினால், நிலைமின்சாரம் தரைக்குப் போக வழியின்றிக் கலனில் சேர்ந்து பொறியாக வெடிக்கலாம். சாதாரண 12 வோல்ட் மோட்டார் பம்பையும் பெட்ரோலுக்குப் பயன்படுத்தக் கூடாது. அதன் உள்ளே எப்போதும் பொறி இருக்கிறது.

கடைசியாக வடியும் அரை லிட்டரை ஒரு கண்ணாடிக் குடுவையில் பிடித்து, பத்து நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் நீர்முத்துகள் தெரிந்தால் ஃபில்டரின் நீர்ப்பிரிப்பானையும் வடிக்க வேண்டும். கறுப்பான வழுவழுப்பு தெரிந்தால், டீசலும் நீரும் சேரும் இடத்தில் வளரும் நுண்ணுயிர்ப் படலம் அது. எஞ்சின் வரை போகும் குழாய்களைக் கழுவாமல் புதிய தொட்டியை மாட்டினால், ஒரு மாதத்தில் அந்தப் படலம் ஃபில்டரை அடைத்துவிடும்.

5. அழுத்தம் முதலில், பேட்டரி பிறகு

பெட்ரோல் ஊசி முறை (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) வண்டியில் குழாய்க்குள் ஏறக்குறைய 3 பார் அழுத்தம் தங்கியிருக்கும். எரிபொருள் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, அது தானாக அணையும் வரை காத்திருங்கள். அதன் பிறகே பேட்டரியின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். பலர் பாதுகாப்பு என்று எண்ணிப் பேட்டரியை முதலில் கழற்றிவிடுகிறார்கள். பிறகு எஞ்சினை ஓட்ட முடியாமல், ஹோஸை உருவும்போது பெட்ரோல் முகத்தில் பீய்ச்சுகிறது.

டீசல் வண்டியில் தொட்டிப் பக்கக் குழாய்களில் அப்படிப்பட்ட அழுத்தம் இல்லை. பேட்டரியைக் கழற்றினால் போதும். எஞ்சின் பக்கத்தில் உள்ள உயரழுத்தக் குழாய்களுக்கு இந்த வேலையில் இடமே இல்லை. அவற்றின் நட்டுகளைத் தொடாதீர்கள்.

6. பெட்டியைத் தூக்குவதா, தொட்டியை இறக்குவதா

இரண்டு வழிகளும் சரியானவையே. பின்பெட்டியின் ஆறு அல்லது எட்டு போல்ட்டுகளைக் கழற்றி, பின்விளக்கு வயர்களையும் நிரப்பு கழுத்தின் திருகுகளையும் விடுவித்து, நான்கு பேர் நான்கு மூலையில் நின்று பெட்டியைத் தூக்கினால், தொட்டியின் மேற்பரப்பு முழுவதும் வெளிச்சத்தில் தெரியும். டேங்க் யூனிட்டை மட்டும் மாற்றுபவர்களுக்கு இதுவே சிறந்த வழி.

ஆனால் இங்குள்ள வேலை வண்டிகளில் பெரும்பாலும் கூண்டோ ஏணித் தாங்கியோ பெட்டியோடு இணைந்திருக்கும். அவற்றைக் கழற்றுவதற்கே அரைநாள் போகும். எப்படியும் தொட்டி கீழே வரத்தான் வேண்டும் என்பதால், முழுத் தொட்டியை மாற்றும்போது கீழ்வழியையே நான் தேர்ந்தெடுக்கிறேன். இனி வரும் படிகள் கீழ்வழிக்கானவை.

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியின் பின்பகுதியைத் தூக்கி, சேசிஸ் சட்டத்தின் அடியில் ஜாக் ஸ்டாண்டுகளை நிறுத்துங்கள். ஸ்டாண்டில் அமர்ந்த பிறகு வண்டியைக் கையால் தள்ளி ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அடியில் போகாதீர்கள்.

7. இணைப்புகளைக் கழற்றுதல்: வேலையின் இதயம்

முதலில் கைபேசியால் படம் எடுங்கள். கையை மேலே நுழைத்து, தொட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே கைபேசியைப் படுக்கவைத்து, பல கோணங்களில் எடுங்கள். பிறகு ஒவ்வொரு குழாயிலும் வண்ண நாடா சுற்றி அடையாளம் இடுங்கள்: போகும் குழாய்க்கு ஒரு நிறம், திரும்பும் குழாய்க்கு ஒரு நிறம், காற்றுக் குழாய்க்கு ஒரு நிறம். போகும் குழாயும் திரும்பும் குழாயும் இடம் மாறினால் வரும் கோளாறு கண்டுபிடிக்கக் கடினமானது. சில தொட்டிகளில் திரும்பும் குழாய் உறிஞ்சும் குழாயைவிட உயரத்திலேயே முடிகிறது. ஆகவே நிறைந்த தொட்டியில் எஞ்சின் நன்றாக ஓடி, எரிபொருள் பாதிக்கு வந்தவுடன் மூச்சுத் திணறி நிற்கும். அப்போது எல்லாரும் பம்பைச் சந்தேகிப்பார்கள்.

பக்கவாட்டில் எட்டுவதை முதலில் கழற்றுங்கள். நிரப்பு ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி, ஹோஸை இழுக்காமல், முறுக்கித் தளர்த்தி எடுக்க வேண்டும்; பல ஆண்டு ஒட்டிய ரப்பரை இழுத்தால் தொட்டியின் கழுத்தே வளையும். இந்த ஹோஸ் எப்படியும் புதிதாகப் போகிறது என்பதால், விடாப்பிடியாக ஒட்டியிருந்தால் நீளவாக்கில் அறுத்து எடுத்துவிடுவது நல்லது. அறுக்கும்போது கத்தி உலோகக் கழுத்தைக் கீறக் கூடாது. கீறலின் வழியே பின்னாளில் கசியும். அடிக்காப்புத் தகடு இருந்தால் அதையும் இப்போதே எடுத்துவிடுங்கள்.

அதன் பிறகு மேலே இருப்பவை: டேங்க் யூனிட்டின் மின் கனெக்டர், போகும், திரும்பும் குழாய்கள், சில வண்டிகளில் இன்னொரு காற்றுக் குழாய். பெட்ரோல் வண்டியில் ஆவியை, அதைப் பிடித்துவைக்கும் கரிக்குடுவைக்குக் கொண்டுபோகும் குழாயும் இருக்கும். இவை தொட்டி தன் இடத்தில் இருக்கும்போது பெரும்பாலும் கைக்கு எட்டா. தொட்டியை ஒரு சாண் இறக்கி, ஜாக்கின் மேல் நிறுத்தி, இவற்றைக் கழற்றிய பிறகே முழுவதும் இறக்க வேண்டும்.

இந்த இடைநிறுத்தத்தைத் தவிர்ப்பதுதான் நான் மிகுதியாகக் கண்ட தவறு. காக்கி புக்கிட்டில் ஒருமுறை ஓர் இளைஞர், "அண்ணே, போல்ட் எல்லாம் எடுத்துட்டேன், ஒரு பக்கம் மட்டும் இறங்கமாட்டேங்குது" என்று கூப்பிட்டார். படுத்து மேலே விளக்கடித்துப் பார்த்தேன். ஜாக் கீழே போய்விட்டிருந்தது. தொட்டியின் ஒரு பக்க எடை முழுவதும் இரண்டு மெல்லிய வயர்களிலும் திரும்பும் குழாயிலும் தொங்கிக்கொண்டிருந்தது. டேங்க் யூனிட்டின் பிளாஸ்டிக் கழுத்தில் வெள்ளையாக ஒரு விரிசல். அவர் ஜாக்கை மறுபடி உயர்த்துவதற்குள் அது ஒடிந்தே விட்டது. தொட்டி மட்டும் மாற வேண்டிய வேலையில் யூனிட்டையும் வாங்க நேர்ந்தது. அந்தப் பாகம் வரும் வரை வண்டி ஸ்டாண்டின் மேலேயே நின்றது. அந்த இளைஞர் கவனமில்லாதவர் அல்லர். ஒரு சாண் இறக்கி நிறுத்த வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

8. தொட்டியை இறக்குதல்

ஜாக்கின் மேல் பலகையை வைத்து, தொட்டியின் அடியில் நடுவே தொடுமாறு உயர்த்துங்கள். பலகை இல்லாமல் ஜாக்கின் தலை நேரடியாகப் பட்டால் மெல்லிய எஃகு குழியும். புதிய தொட்டியை ஏற்றும்போதும் இதே பலகை வேண்டும்.

பட்டையின் போல்ட்டுகளை இரு பக்கமும் மாறிமாறித் தளர்த்துங்கள். ஒரு பட்டையை முழுதும் கழற்றிவிட்டு மற்றதற்குப் போனால் தொட்டி சாய்ந்து, உள்ளே எஞ்சிய டீசல் அந்தப் பக்கம் ஓடும். உதவியாளர் தொட்டியின் நுனியைப் பிடித்துச் சமன் செய்ய, ஒருவர் மட்டும் ஜாக்கை இயக்க வேண்டும். "இறக்கு", "நிறுத்து" என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறு பேச்சு வேண்டாம். ஒரு சாண் இறங்கியதும் நிறுத்தி, மேலிணைப்புகளைக் கழற்றி, ஒவ்வொரு குழாய் முனையையும் உடனே மூடிவிடுங்கள். பிறகு தொட்டியைச் சுற்றி ஒருமுறை கையைச் சுழற்றி, எதுவும் பிடித்திருக்கவில்லை என்று உறுதி செய்த பிறகே மேலும் இறக்கலாம்.

9. பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துப் பாருங்கள்

குழாய் முனைகளின் எண்ணிக்கை, திசை, பட்டை அமரும் பள்ளங்கள், யூனிட் துளையின் விட்டம், தொட்டியின் ஆழம் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். ஆழம் மாறினால் மிதவையின் கம்பி நீளம் பொருந்தாமல், எரிபொருள் முள் தவறாகக் காட்டும். அசல் கொள்ளளவைவிடப் பெரிய தொட்டியை மாட்ட ஆசைப்படாதீர்கள். அது பதிவு செய்யப்பட்ட வண்டியின் அமைப்பையே மாற்றுவதாகும்.

டேங்க் யூனிட்டைக் கழற்றுமுன் அதைச் சுற்றியுள்ள மண்ணைத் தூரிகையால் நீக்கித் துடைத்துவிடுங்கள். பூட்டு வளையத்தைப் பித்தளைக் கம்பி வைத்து மெல்லத் தட்டித் திருப்ப வேண்டும். எஃகு உளி பொறி தெறிக்கும். எடுத்த யூனிட்டின் மிதவையைக் கையால் மெதுவாக மேலும் கீழும் நகர்த்தி, மல்டிமீட்டரில் எண் சீராக மாறுகிறதா என்று பாருங்கள். நடுவில் எண் குதித்தாலோ மறைந்தாலோ, இப்போதே யூனிட்டையும் மாற்றிவிடுங்கள். இதற்காக மறுபடியும் தொட்டியை இறக்குவது கொடுமை.

புதிய தொட்டியின் முனைகளில் வரும் பிளாஸ்டிக் அடைப்பான்களை எண்ணி எடுத்து, வரிசையாக மேசையில் வையுங்கள். ஒன்று முனையிலேயே தங்கிவிட்டால் தொட்டிக்குக் காற்று போகாது. சில கிலோமீட்டர் ஓடியபின் எஞ்சின் நிற்கும். உட்புறத்தில் உற்பத்தித் தூளோ உலோகத் துருவலோ இருந்தால் பஞ்சிழை உதிராத துணியால் துடைத்தெடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம்.

ரப்பர் வளையம் கட்டாயம் புதிதாக இருக்க வேண்டும். அதில் சிறிது சுத்தமான டீசலைத் தடவி, முறுக்கில்லாமல் பள்ளத்தில் அமர்த்தி, யூனிட்டின் அடையாளக் கோடு தொட்டியின் கோட்டுடன் சேருமாறு வைத்துப் பூட்டுங்கள். கோடு விலகினால் மிதவை தொட்டியின் உள்தடுப்பில் முட்டி, எப்போதும் ஒரே அளவைக் காட்டும்.

பழைய தொட்டியை வெட்டவோ, பற்றவைக்கவோ, துளையிடவோ கூடாது. நிறைந்த தொட்டியைவிட வெறுந்தொட்டியே ஆபத்தானது. அதற்குள் ஆவியும் காற்றும் வெடிக்கத் தேவையான அளவில் கலந்திருக்கும்.

10. தொட்டி இல்லாத நேரத்தில் சேசிஸைப் பாருங்கள்

வண்டியின் ஆயுளில் சேசிஸின் இந்தப் பகுதி வெளிச்சத்துக்கு வருவது அரிது. தளர்ந்த துருவைக் கம்பித் தூரிகையால் எடுத்து, துரு தடுப்பான் பூசி, உலரவிடுங்கள். இவ்வழியே செல்லும் பிரேக் குழாயையும் கைபிரேக் கம்பியையும் விரலால் தடவிப் பாருங்கள். பிரேக் குழாயில் துருக்கொப்புளம் தெரிந்தால், தொட்டியைவிட அவசரமான வேலை அதுதான்.

11. புதிய தொட்டியை ஏற்றுதல்

பட்டைகளில் புதிய ரப்பரை வையுங்கள். இது இல்லாமல் எஃகு எஃகோடு உரசினால் சாயம் போய், பழைய கதை அதே இடத்தில் மறுபடி தொடங்கும். ரப்பரின் நடுவே நீர் தேங்கும் குழி இருக்கக் கூடாது.

இறக்கிய வரிசையைத் திருப்பிச் செய்யுங்கள்: தொட்டி ஒரு சாண் கீழே இருக்கும்போதே மேலிணைப்புகளை மாட்டி, கிளிப்புகளை இறுக்கி, கனெக்டர் "டிக்" என்று பூட்டும் ஒலியைக் கேட்டு, ஒவ்வொன்றையும் மெல்ல இழுத்துப் பார்த்து, அதன் பிறகே முழுதும் உயர்த்துங்கள். உயர்த்தும்போது உதவியாளர் பக்கத்திலிருந்து விளக்கடித்து, எந்தக் குழாயும் தொட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே நசுங்கவில்லை என்று பார்த்துச் சொல்ல வேண்டும். காற்றுக் குழாய் நசுங்கினால், பெட்ரோல் நிலையத்தில் எரிபொருள் ஊற்றும் பம்பின் முனை ஐந்து லிட்டருக்கு ஒருமுறை தானாக நின்றுவிடும். ஓட்டுநர் நிலையத்தைக் குறைசொல்வார்.

நிரப்பு ஹோஸை இரு முனைகளிலும் தளர்வாக மாட்டி, தொட்டி தன் இடத்தில் அமர்ந்த பிறகு அதன் வளைவைச் சரிசெய்து, கடைசியில் இறுக்குங்கள். முன்பே இறுக்கினால் ஹோஸ் முறுக்கிக்கொண்டு, சில மாதத்தில் விரிசல் விடும். நிரப்பு கழுத்திலிருந்து வண்டியின் உடலுக்குப் போகும் சிறிய எர்த் வயரை மறந்துவிடாதீர்கள். நிலைமின்சாரத்தை அகற்றுவது அதன் வேலை. அது தொடும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி மாட்டுங்கள்.

பட்டை போல்ட்டுகளைப் பழுதுபார்ப்புக் கையேட்டில் உள்ள இறுக்க அளவுக்கே இறுக்குங்கள். "இன்னும் கொஞ்சம்" என்று இறுக்கினால் தொட்டி உள்ளே குழியும். குழியின் அளவுக்குக் கொள்ளளவு குறையும், முள்ளும் பிசகும்.

12. நிரப்புதல், காற்று எடுத்தல், சோதித்தல்

முதலில் 10 லிட்டர் மட்டும் ஊற்றி, கால் மணி நேரம் காத்திருந்து, வடிகால் போல்ட்டையும் கீழிணைப்புகளையும் வெள்ளைத் தாளால் தொட்டுப் பாருங்கள். எடுத்த எடுப்பில் நிரப்பிவிட்டால், ஒரு கிளிப் தளர்ந்திருந்தாலும் 70 லிட்டரையும் மறுபடி இறக்க வேண்டியிருக்கும்.

புதிய ஃபில்டரை மாட்டி, ஃபில்டர் தலையில் உள்ள கைபம்பை, அது கெட்டிப்படும் வரை அழுத்துங்கள். பேட்டரியை இணைத்து, 10 விநாடிக்கு மேல் தொடர்ந்து ஸ்டார்ட்டரைச் சுழற்றாமல், ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே ஒரு நிமிடம் விடுங்கள். காற்றை வெளியேற்றாமல் ஸ்டார்ட்டரைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் பேட்டரி தீரும். ஸ்டார்ட்டரும் சூடேறிக் கெடும். பெட்ரோல் வண்டியில் ஃபியூஸைத் திரும்ப வைத்து, சாவியை மூன்று நான்கு முறை திருப்பி நிறுத்தினால் பம்ப் தானாகக் குழாயை நிரப்பிவிடும்.

எஞ்சின் ஓடியதும் பாதி வரை நிரப்பிப் பாருங்கள். பிறகு முழுவதும் நிரப்பி, ஓட்டி, ஒரு சரிவில் முன்பக்கம் மேலாகவும், பிறகு கீழாகவும் நிறுத்திப் பாருங்கள். டேங்க் யூனிட்டின் வளையமும் நிரப்பு ஹோஸும் கசிகின்றனவா என்பது நிறைந்த தொட்டி சாயும்போது மட்டுமே தெரியும். சமதரையில் உலர்ந்திருந்த தொட்டி, பல மாடி நிறுத்துமிடத்தின் ஏற்றத்தில் சொட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வாரம் ஓடிய பிறகு பட்டை போல்ட்டுகளை மறுபடி சோதியுங்கள். புதிய ரப்பர் அமுங்கி, இறுக்கம் சற்றுக் குறைந்திருக்கும்.

13. பழைய டீசலும் பழைய தொட்டியும்

தெளிவாக இருக்கும் டீசலை, மெல்லிய வலை வழியாக வடிகட்டித் திரும்ப ஊற்றலாம். நீரும் வழுவழுப்பும் கலந்ததை, பணிமனையின் கழிவெண்ணெய்க் கலனில் அவர்கள் அனுமதி பெற்றுச் சேர்த்தால், உரிமம் பெற்ற கழிவுச் சேகரிப்பாளர் எடுத்துச்செல்வார். சாலையோர வடிகாலில் ஒரு சொட்டும் போகக் கூடாது. இந்தத் தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. அங்கே வடிகாலில் விழுவது நம் குடிநீருக்கான நீர்த்தேக்கத்துக்கே போய்ச்சேரும்.

பழைய தொட்டியை முழுதும் வடித்து, எல்லா முனைகளையும் மூடி, உள்ளே என்ன இருந்தது என்று மேலே பெரிதாக எழுதிப் பழைய இரும்புக்காரரிடம் கொடுங்கள். அவர் அதை வெட்டப்போகிறவர், தெரிந்து வெட்டட்டும்.

10 ஆண்டைக் கடந்த இலகுரகச் சரக்கு வண்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பதால், அடுத்த பரிசோதனைக்கு முன் அடிப்பகுதியை இன்னொரு முறை கழுவிவிடுங்கள். சேசிஸில் காய்ந்திருக்கும் பழைய டீசல் கறை, பரிசோதகர் கண்ணுக்குப் புதிய கசிவாகவே தெரியும்.